சுற்றுக்கு ஒரு பேச்சு

செங்கதிர் மினி பஸ் கரட்டுவலசு கார் பந்தயத் தடத்துக்குள் நுழைந்து, வெளியே வர வழியில்லாமல் சுற்ற ஆரம்பித்தது தை மாதம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு. அதில் ஓட்டுநர் திருமூர்த்தி, நடத்துநர் சென்னியப்பன், பதினேழு பயணிகள், அந்தப் பதினேழு பேரில் ஜன்னலோரமாக என் மனைவி தெய்வாத்தாள். குழாய் பதிக்கிறோம் என்று மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், திருமூர்த்தி வேலைக்குப் புதுசு, கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருந்த செல்போன் இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். அந்தச் செல்போனுக்குள் இருந்த வரைபடத்தில் அந்த இடத்தை வரைந்தவன் நான்.

எல்லோரும் சேர்ந்து வரைகிற வரைபடம் அது. நான் பால் சொசைட்டியில் செயலாளர், பெயர் நாச்சிமுத்து. பந்தயம் நடந்த காலத்தில் பன்னிரண்டு வருடம் இரண்டாம் வளைவில் நின்று கொடி காட்டியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் கறி எடுக்கப் போகும்போது நான் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்து, வந்து உட்கார்ந்து கோடு போடுவேன். எனக்கு ஒரே கொள்கை, கண்ணால் பார்க்காததை வரையமாட்டேன். பந்தயக் கம்பெனி மூட்டை கட்டிப் போன பிறகு, அந்தத் தடத்தை மறுபடி அடி அடியாக நடந்து இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளில் வரைந்தேன். பந்தயமே நடக்காத இடத்தைப் பந்தயத் தடம் என்று எழுதுவது பொய் என்பதால் அதைப் பொதுச் சாலை, ஒருவழி என்று மாற்றினேன். நுழைகிற கேட்டைப் பார்த்தேன், வரைந்தேன். வெளியேறுகிற கேட்டுக்குப் போனபோது, அன்றைக்கும் தை மாதம், பக்கத்துத் தோட்டத்துக்காரன் பொங்கியண்ணன் தடத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் இருந்த தார் முழுக்க மக்காச்சோளத்தைக் கொட்டிக் காயப் போட்டிருந்தான். அங்கே கோட்டை நிறுத்திவிட்டு, களம் என்று எழுதினேன். எவ்வளவு நேர்மையான வேலை என்று முகம் தெரியாத ஒருவர் பாராட்டி எழுதினார், அதைத் தெய்வாத்தாளைக் கூப்பிட்டு வாசித்துக்கூடக் காட்டினேன்.

பஸ் நிற்கவில்லை, டீசல் தீரவில்லை. சென்னியப்பன் முதல் நாள் மத்தியானமே குதித்து இறங்கி வேலியைப் பார்த்து நடந்திருக்கிறார். எந்தப் பக்கம் கால் எடுத்து வைத்தாலும் கால் தார் மேலேயே, பஸ் போகிற திசையிலேயே போனதாம், வேலி கிட்டே வரவே இல்லையாம், ஒரு சுற்று நடந்து செருப்பு அறுந்ததும் பஸ் வரும்வரை காத்திருந்து ஏறிக்கொண்டார். வெளியிலிருந்து எது வேண்டுமானாலும் உள்ளே போனது, உள்ளே போன எதுவும் வெளியே வரவில்லை, பேச்சையும் செல்போன் சிக்னலையும் தவிர. எங்கள் வீட்டில் இருந்த பதினோரு தூக்குப்போசிகளும் சோறும் குழம்புமாக அப்படித்தான் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. முதல் நாள் எல்லோரும் வேலிக்கு வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் குழந்தைகளைத் தூக்கி வந்து காட்டினார்கள், மூன்றாம் நாள் பஸ் வரும் நேரத்தை வைத்து அடுப்பில் பருப்புப் போட ஆரம்பித்தார்கள், ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம், அஞ்சு சுற்றில் பருப்பு வெந்துவிடும் என்று. உள்ளே மாட்டிக்கொண்ட ஒன்பதாம் வகுப்பு டீச்சர் ஜன்னல் வழியாகச் சுற்றுக்கு ஒரு கணக்குச் சொல்ல, பிள்ளைகள் வேலிக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து போட்டார்கள். பரீட்சையில் இந்தத் தடவை நல்ல மார்க் என்று ஹெட்மாஸ்டர் சந்தோஷப்பட்டார். பஞ்சாயத்துத் தலைவி விசாலாட்சியக்கா நாலு வளைவிலும் நிழற்குடை கட்டத் தீர்மானம் போட்டார். நிற்காத பஸ்ஸுக்கு எதற்கக்கா நிழற்குடை என்று கேட்டேன். "நம்மூருக்கு நாலு நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸுன்னு தாலூக்காவுல வேற எந்த ஊருக்கு இருக்குது, சொல்லு நாச்சிமுத்து" என்றார்.

இவர்களை எல்லாம்விட என்னை எரிய வைத்தவன் பொங்கியண்ணன். பஸ் வெளியேறுகிற கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு காற்று வீசியது. இந்தத் தையிலும் அவன் அங்கே கொட்டியிருந்த சோளம் அந்தக் காற்றில் சீக்கிரம் காய்ந்தது, பதரும் தூசியும் தானாகப் பறந்தன, தூற்றுகிற கூலியே மிச்சம். இது தெரிந்ததும் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லாம் தங்கள் சோளத்தையும் அங்கேயே கொண்டுவந்து கொட்டினார்கள். பிறகு மிளகாய் வந்தது, நிலக்கடலை வந்தது, தேங்காய்ப் பருப்பு வந்தது. பஸ் சுற்றச் சுற்ற அது வெளியே வரவேண்டிய வழி மேலும் மேலும் மூடிக்கொண்டே போனது.

"சோளத்த அள்ளுப்பா பொங்கியண்ணா."

"அள்றன் மாப்ள. இன்னும் ரெண்டு வெயிலு."

இதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவன் இதையே சொன்னான்.

தெய்வாத்தாளிடம் பேச நான் இரண்டாம் வளைவில், முன்பு கொடி காட்டிய அதே திட்டில் போய் நிற்பேன். வளைவில் பஸ் மெதுவாகும், அவள் ஜன்னல் என் பக்கம் வரும், அவள் ஒன்று சொல்லலாம் நான் ஒன்று சொல்லலாம், அவ்வளவுதான் நேரம். பதிலுக்கு நாலு நிமிடம் காத்திருக்கவேண்டும். புருசன் பெண்டாட்டிக்குள் பேச்சு அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். அவள் சொன்ன ஒரு வார்த்தையை நாலு நிமிடம் வாயில் போட்டு மென்று, கோபத்தை நன்றாகப் பழுக்க வைத்துக் கொட்டினால், அவள் அதை எடுத்துக்கொண்டு போய் நாலு நிமிடம் கழித்துக் குளிர்ந்த முகத்தோடு வருவாள். முதல் நாள் சாயங்காலம் அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஏனுங்க, அந்தச் சோளத்துக்கு ஒரு வழி பண்ணுங்க."

"நான் பாத்துக்கறேன்" என்று கத்தினேன். அதற்கு முன்பே, மத்தியானம் செய்தி கேட்ட உடனேயே, கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். களம் என்று இருந்ததை அழித்தேன், தடத்திலிருந்து கேட்டுக்கு ஒரு கோடு போட்டேன், வெளியேறும் பாதை என்று எழுதினேன். பத்து நிமிடம் அந்தக் கோடு நின்றது. பிறகு காணோம். பழையபடி களம். அழித்தவர் பெயர் ஜன்னல்சீட், அன்றைக்குத்தான் சேர்ந்த ஆள். காரணம் எழுதும் இடத்தில், "சோளம் காய்கிறது. கண்ணால் பார்த்தேன்" என்று இருந்தது.

மறுபடி போட்டேன், மறுபடி அழிந்தது. பாதைக்குப் பதிலாக நடைவழி என்று போட்டேன், "நடக்கிற அளவுக்கும் இடமில்லை" என்று அழிந்தது. நான் பதினாறு வருடமாக வரைகிறவன், நேற்று வந்த நீ யார் என்று எழுதினேன். "வருடம் இருக்கட்டும், இடத்தைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. இதைவிட அவமானம் என்னவென்றால் அந்த வாக்கியம் என்னுடையது. எத்தனையோ புதியவர்களின் கோடுகளை அழித்து அதற்குக் கீழே நான் எழுதிய வாக்கியம். மாசி பன்னிரண்டாம் தேதி வரைபடத்தை மேற்பார்க்கிறவர்கள் அந்தக் கேட்டில் யாரும் கை வைக்கமுடியாதபடி ஒரு வாரம் பூட்டுப் போட்டு, "தாங்கள் இருவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளவும்" என்று இரண்டு பேருக்கும் செய்தி அனுப்பினார்கள்.

இந்த ஜன்னல்சீட்டைப் பற்றி நான் தெய்வாத்தாளிடம் சுற்றுச் சுற்றாகப் புலம்பினேன். எவனோ வேலையற்றவன், எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு உன் உயிரோடு விளையாடுகிறான் என்றேன். நாலு நிமிடம் கழித்து வந்தவள், "அவிய சொல்றதும் நாயந்தானுங்களே" என்றாள். பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பெண்டாட்டியே என் பக்கம் இல்லை என்று வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சோறு அனுப்பாமல் இருந்தேன்; அப்புறம் மனசு கேட்காமல் வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன், தூக்குப்போசி எல்லாம்தான் உள்ளே போயிருந்ததே.

இதற்கிடையில் நாள் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஒரே மகள் பிருந்தாவுக்கு ஏழாம் மாதம். மாசி இருபத்திமூன்று வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று தெய்வாத்தாள்தான் தையிலேயே நாள் பார்த்து வைத்திருந்தாள். எடுத்து வைத்த வளையல் பெட்டியைப் பிருந்தாவிடம் காட்டத்தான் அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறியிருந்தாள். ஊர்க்காரர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள், பிருந்தாவை வேலியோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் அம்மாக்காரி சுற்றுக்கு ஒரு வளையல் வீசலாம் என்று. உள்ளே இருந்து எதுவும் வெளியே வராது என்பதைக்கூட மறந்து பேசினார்கள், அந்த அளவுக்குப் பழகிவிட்டது அவர்களுக்கு.

வளைகாப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது பிருந்தா வந்தாள். நேராக நுழைகிற கேட்டுக்குப் போனாள். அது எப்போதும் திறந்தே கிடந்தது, ஊரில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"உடுங்கப்பா. அம்மா இங்க வர முடியலைன்னா நான் அங்க போறேன்."

"போனா வெளிய வர வழி இல்ல சாமி. கொழந்த அதுக்குள்ளயே பொறக்கும்."

"நீங்க வழி வரையற வரைக்கும் காத்திருந்தா கொழந்த பள்ளிக்கூடமே போயிரும்."

பஸ் வந்தது. தெய்வாத்தாள் மகள் கேட்டில் நிற்பதைப் பார்த்தாள். அத்தனை நாளில் அவள் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "காலை உள்ள வெக்காத!" என்றாள். அடுத்த சுற்றில், "வெள்ளிக்கெழம நான் வருவேன்" என்றாள். அதற்கடுத்த சுற்றில் கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனாள். பிருந்தா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அந்த ஜன்னல்சீட் மட்டும் கையில் கிடைத்தால் கழுத்தை நெரித்திருப்பேன்.

திங்கட்கிழமை பூட்டு விலகியது. விலகிய நிமிடமே கோட்டைப் போட்டேன், பத்து நிமிடத்தில் அழிந்தது. ஆனால் இந்த முறை ஜன்னல்சீட் ஆதாரத்துக்கு ஒரு படமும் சேர்த்திருந்தார். கேட்டு, தார், அதன்மேல் முழங்கால் உயரத்துக்குச் சோளம், ஓரத்தில் மிளகாயின் சிவப்பு, எல்லாம் ஒரு கண்ணாடி வழியாகத் தெரிந்தன. படத்தின் கீழ் மூலையில் ஜன்னல் கட்டையின்மேல் எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது: நா. தெய்வாத்தாள், கரட்டுவலசு. எங்கள் கல்யாணத்துக்கு என் மாமியார் பாத்திரக்கடையில் நின்று வெட்டி வாங்கிக் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இரண்டாம் வளைவில் போய் நின்றேன். பஸ் வந்தது.

"நீதானா அது?"

போய்விட்டது. நாலு நிமிடம்.

"நானேதானுங்க" என்றாள், வந்த உடனே, நான் மறுபடி கேட்பதற்கு முன்பே. "பதினாறு வருசம் உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன், வராதுங்களா?"

போய்விட்டது. வந்தது.

"உன்னை வெளியே கொண்டுவரத்தாண்டி வரைஞ்சேன்!"

நாலு நிமிடம்.

"மொத நாளு நீங்க கோடு போட்டதும் டிரைவரு திருப்புனாருங்க. டயரு சோளத்துல வழுக்கி பஸ்ஸு ஒரு பக்கமாச் சாஞ்சுபோச்சு. டீச்சரம்மா மண்டையில அடி."

இது எனக்குத் தெரியாது. நான் அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோடு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை என்று அடுத்த சுற்றில் கேட்டேன்.

"சோளத்துக்கு வழி பண்ணுங்கன்னு சொன்னனுங்களே."

"அவன் அள்ளமாட்டேங்கறான், நான் என்ன பண்றது?" என்று கத்தினேன். அதற்கு அவள் பதிலைச் சொல்ல நாலு சுற்று எடுத்துக்கொண்டாள். பதினாறு நிமிடம். இன்றைக்கும் எனக்கு அந்த நாலு வாக்கியமும் அது அது வந்த இடைவெளியோடுதான் ஞாபகம் இருக்கிறது.

"எங்கம்மா ஊட்டுக்குப் போற இட்டேறிய வரையச் சொல்லி உங்களை மூணு தடவ கேட்டேன்."

இட்டேறி என்றால் இரண்டு பக்கமும் வேலி வைத்த மண்பாதை, எங்கள் பக்கத்தில் தோட்டத்து வீடுகளுக்கு எல்லாம் அதுதான் வழி.

"முள்ளு மண்டிக் கெடக்குது, அது வழியே இல்லைன்னீங்க."

"எங்கம்மா கருமாதிக்கு வந்த சனத்துல பாதி, வழி தெரியாம மெயின் ரோட்டோட திரும்பிப் போச்சு."

"அப்பவும் நீங்க அருவாளை எடுக்கலீங்க."

பஸ் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம் என்றுதான் அப்போதும் நினைத்தேன், யாரிடம் அதைக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. பிறகு சொசைட்டிக்குப் போய்ச் சாணி அள்ளுகிற இரும்புச் சட்டியையும் மண்வெட்டியையும் விளக்குமாறையும் எடுத்துக்கொண்டு வெளியேறுகிற கேட்டுக்குப் போனேன். முப்பது நாள். அந்த முப்பது நாளில் அந்த இடத்துக்கு நான் ஒரு தடவைகூட மண்வெட்டியோடு வரவில்லை.

முதல் சட்டி சோளத்தை அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டியதும் பொங்கியண்ணன் ஓடி வந்தான்.

"மாப்ள, என்ற சோளம்! ஈரத்துல கொட்றயே, பூசணம் புடிச்சுரும்!"

"புடிக்கட்டும்."

"இன்னும் ரெண்டு வெயிலு..."

"நாச்சிமுத்து பொண்டாட்டி முப்பது வெயிலு பாத்துட்டா" என்றேன். அவன் என் மண்வெட்டியைப் பிடித்தான், நான் விடவில்லை, இரண்டு பேரும் சோளத்தின்மேல் வழுக்கி விழுந்தோம். விழுந்த அடியில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவனுக்கு முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. கீழே கிடந்தபடியே அவன் அந்த வழுக்கலைக் கையால் தடவிப் பார்த்தான், பஸ் எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்தான், எழுந்து போய்ச் சாக்குகளைக் கொண்டுவந்து அவற்றின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். பிருந்தா வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டே விளக்குமாற்றால் கூட்டினாள், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. மிளகாய்க்காரர்கள் வைதுகொண்டே வந்து மிளகாயை அள்ளினார்கள். விசாலாட்சியக்கா மட்டும், நாலு நிழற்குடைக்கும் ஆர்டர் கொடுத்தாச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஒருவர்கூட அதற்கு முன்னால் இப்படி அள்ளலாம் என்று சொன்னதில்லை, ஒருவர்கூட அள்ளும்போது இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்கவும் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குத் தார் தெரிந்தது. மொத்தமே ஒரு பகல் வேலை.

செல்போனை எடுத்தேன். கோடு போட விரல் போய்விட்டது. திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டை அகலத் திறந்து கல் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

பஸ் வந்தது. தெய்வாத்தாள் ஜன்னல் வழியாகத் தாரை ஒரு தடவை பார்த்தாள், படம் எடுத்தாள், போய்விட்டாள். அந்த நாலு நிமிடம்தான் என் ஆயுசிலேயே நீளம், அதற்குள் களத்தை அழித்துக் கோட்டைப் போட்டிருந்தது ஜன்னல்சீட். அடுத்த சுற்றில் பஸ் இரண்டாம் வளைவைத் தாண்டி வரும்போதே இண்டிகேட்டர் போட்டது, திருமூர்த்தி ஸ்டியரிங்கை ஒடித்தார், பஸ் கேட்டு வழியாக வெளியே வந்து, எங்கள் முன்னால், முப்பது நாளில் முதல் தடவையாக நின்றது. சென்னியப்பன் பழக்கத்தில் விசில் அடித்தார். டீச்சரம்மா இறங்கி நாலு அடி நடந்து பார்த்துவிட்டு, கால் நினைத்த பக்கம் போவதைப் பார்த்துச் சிரித்தார்.

தெய்வாத்தாள் கடைசியாக இறங்கினாள். பிருந்தாவின் கன்னத்தைத் தடவினாள், வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், வளையல் பெட்டியை அவள் கையில் கொடுத்தாள். பதினோரு தூக்குப்போசிகளையும் ஒரு துணியில் கட்டி எடுத்து வந்திருந்தாள், கழுவித்தான் இருந்தன. அதை என்னிடம் நீட்டினாள்.

"வெள்ளிக்கெழம வளைகாப்பு எங்கம்மா ஊட்டுலதானுங்க. அங்க போட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"அங்க சனம் எப்படிப் போகும்?"

"ஊட்டுக்குப் போயி அருவாளை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

புதன்கிழமை காலையில் இட்டேறியின் வாயில் இருந்து ஆரம்பித்தோம். வேலிகாத்தான் முள், ஆள் உயரம். நான் குனிந்து வெட்டி இழுத்துப் போட்டேன், இடுப்பு விண்ணென்று வலித்தது, கை கிழிந்தது, பத்தடிக்கு ஒரு தடவை வாய்விட்டு வைதேன். தெய்வாத்தாள் எனக்குப் பின்னால் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் அம்மா வீட்டு ஓடு தூரத்தில் தெரிந்தபோது, அதுவரைக்கும்தானே, சேர்த்தே போட்டுவிடேன், எப்படியும் சாயங்காலத்துக்குள் வெட்டிவிடுவேன் என்றேன். அவள் முள்ளைப் பார்த்தாள். நான் வெட்டிய தூரம்வரைக்கும் மட்டும்தான் கோடு போட்டாள்.